வராத எண்ணுக்கு என்ன பதில்?

வீட்டில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் பிள்ளை இருந்தால், அவர் நோட்டுப் புத்தகத்தில் பதினாறு கட்டங்களும் அவற்றுள் சில 'எக்ஸ்' குறிகளும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கார்னோ வரைபடம். பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மாரிஸ் கார்னோ, எட்வர்ட் வீட்ச் 1952இல் வெளியிட்ட முறையை மேம்படுத்தி 1953இல் இதைத் தந்தார்.

மைக்ரோவேவ் அடுப்பின் கடிகாரத்தில் ஒளிரும் இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். 0 முதல் 9 வரையுள்ள ஓர் இலக்கத்தைக் குறிக்க நான்கு பிட்டுகள் தேவை. பிட் ஒவ்வொன்றும் 0 அல்லது 1. நான்கு பிட்டுகளால் 16 சேர்க்கைகள் அமையும்; நமக்குத் தேவை பத்துதான். 10 முதல் 15 வரை ஆறு சேர்க்கைகள் மிச்சம். அவை வராது என்பதால், விடை 0 ஆனாலும் 1 ஆனாலும் கவலை இல்லை. இதையே 'டோன்ட் கேர்' என்கிறார்கள். வரைபடத்தில் அதன் குறி 'எக்ஸ்'.

இலக்கம் 8 அல்லது 9 என்றால் மட்டும் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று வையுங்கள். 8 என்பது 1000. 9 என்பது 1001. மிச்சமுள்ள ஆறுக்கும் 0 போட்டால், முதல் பிட் 1, இரண்டாவது 0, மூன்றாவது 0 என மூன்றையும் சுற்று சோதிக்க வேண்டும். அந்த ஆறையும் 1 என்று எடுத்துக்கொண்டால், வரைபடத்தின் கீழ்ப்பாதி எட்டுக் கட்டங்களும் ஒரே கூட்டமாகச் சேர்ந்துவிடும். முதல் பிட் 1 ஆக இருக்கிறதா? இந்த ஒரு கேள்வி போதும். உறுப்புகள் குறையும், செலவும் குறையும்.

தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். வேலையில் இன்னொரு கேள்வி எழும். 4 என்பது 0100. மின் இரைச்சலால் முதல் பிட் மாறிவிட்டால் அது 1100, அதாவது 12. சிக்கனமான சுற்று 8 அல்லது 9 வந்ததாக நம்பி விளக்கை எரிய விடும். மூன்றையும் சோதிக்கும் சுற்று ஏமாறாது.

கடைகளில் கிடைக்கும் சில்லுகளிலேயே இந்த வேறுபாடு உண்டு. ஏழு கோடுகளில் இலக்கம் காட்டும் 7447 என்ற சில்லுக்கு 10 முதல் 14 வரை கொடுத்தால் விநோத வடிவங்கள் தோன்றும். 4511 என்ற சில்லோ 9ஐத் தாண்டினால் ஒன்றும் காட்டாமல் இருட்டாகிவிடும். தவறான எண்ணைக் காட்டுவதைவிட எதையும் காட்டாமல் இருப்பது பல இடங்களில் பாதுகாப்பானது.

'வராது' என்பது வேறு, 'வந்தாலும் பரவாயில்லை' என்பது வேறு. எக்ஸ் போடுமுன் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். அடுப்புக் கடிகாரம் என்றால் தாராளமாகப் போடலாம். இயந்திரத்தை நிறுத்தும் சுற்று என்றால், கூடுதலாக இரண்டு பிட்டுகளைச் சோதிப்பது வீண் செலவு அல்ல.