தொலைவை விற்றவர்கள்

"வீட்லதானே இருக்க!" கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பள்ளி வேனிலிருந்து இறக்கிவிட, ஊரிலிருந்து வரும் சித்தப்பாவைத் தாம்பரம் ஸ்டேஷனில் போய்க் கூட்டிவர என எந்த வேலை சொல்வதானாலும் முதலில் வருவது இந்த வாக்கியம்தான். 2020லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் என் முன்னால் லேப்டாப் திறந்திருக்கும், காதில் ஹெட்செட் இருக்கும். லண்டனில் ஒரு வங்கியின் பணப் பட்டுவாடா நின்றுபோய், ஆறு பேர் என் பதிலுக்காகக் காத்திருப்பார்கள். வாசலைத் தாண்டாதவள் வேலைக்குப் போகாதவள் என்று முடிவுகட்டியவர்கள் கண்ணில் அது படாது.

உறவினர்களுக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். இதே எண்ணம் கண்ணாடிக் கட்டடங்களின் மேல்மாடியிலிருந்து வரும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அங்கே அது 'கூட்டுழைப்பு', 'நிறுவனக் கலாசாரம்' என்ற பெயர்களில் வருகிறது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒன்றுதான்: ஆபீசுக்கு வந்தால் வேலை நடக்கும், வீட்டில் இருப்பவர் ஏய்ப்பார். இந்த நம்பிக்கை தவறு. வேறு எந்தத் துறை இதைச் சொன்னாலும் ஒருவேளை பொறுத்துக்கொள்ளலாம். நான் பத்தொன்பது வருடமாகப் பிழைக்கும் மென்பொருள் சேவைத் துறைக்கு இதைச் சொல்ல அருகதை கிடையாது.

இந்தத் துறை பிறந்ததே தொலைவிலிருந்து வேலை செய்ய முடியும் என்ற உறுதிமொழியில்தான். 1985ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் தன் மையத்தைத் திறந்தது. அங்கே உருவானதை அமெரிக்காவுக்கு அனுப்பச் செயற்கைக்கோள் இணைப்பை ஏற்படுத்த வேண்டியிருந்தது. பிறகு, 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தப்பாகப் படிக்கும் என்று உலகம் பயந்த காலத்தில், மேலைநாட்டு வங்கிகளின் பழைய நிரல்களைத் திருத்தும் வேலை நம் ஊர்களைத் தேடி வந்தது. அந்த 2000லேயே தரமணியில் டைடல் பார்க் திறந்தது. ஓ.எம்.ஆர். நெடுக அடுத்தடுத்து எழுந்த கட்டடங்களுக்கெல்லாம் அஸ்திவாரம் ஒன்றே: வேலை கொடுப்பவரும் செய்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கத் தேவையில்லை. எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் 'ஆஃப்ஷோர்'. வாடிக்கையாளரிடம் விலை பேசும்போது, "நீங்கள் எங்களைப் பார்க்க வேண்டாம். சொன்ன நாளில் வேலை வந்து சேரும். தவறினால் அபராதம் கட்டுகிறோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். சொன்னபடி செய்தும் காட்டினோம். நான் ஆறு வருடம் வேலை பார்த்துக் கொடுத்த ஒரு வாடிக்கையாளரை ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை. அவர் உயரமா குட்டையா என்றுகூடத் தெரியாது. நடுராத்திரியில் அவருடைய சர்வர் விழுந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்.

அந்த மனிதருக்கும் எனக்கும் இடையில் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அது தடையில்லை என்று சொல்லிக் காசு வாங்கிய நிறுவனம், சோழிங்கநல்லூர் ஆபீசுக்கு வராமல் தாம்பரத்து வீட்டில் நான் இருந்தால் மட்டும் வேலை கெடும் என்கிறது. முப்பது நாற்பது வருடம் தொலைவை விற்றவர்கள் தம் ஊழியரிடம் தொலைவு ஆகாது என்று சொல்லும் நியாயம் எனக்குப் புரியவில்லை.

இத்தனைக்கும் இவர்களே வேறுவிதமாகப் பேசிய காலம் உண்டு. 2020 ஏப்ரலில், ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2025க்குள் எங்கள் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று டி.சி.எஸ். அறிவித்தது. 2023 முடிவதற்குள் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாள் வரச் சொல்லிவிட்டது. 2024ல் ஊதியத்தில் ஏறி இறங்கும் பகுதியை வருகைப் பதிவோடு கட்டியது. அமேசானின் தலைமைச் செயல் அதிகாரி ஆண்டி ஜாஸி, 2025 ஜனவரி முதல் ஐந்து நாள் என்று 2024 செப்டம்பரில் சொன்னார். அதே 2024ல் அக்டோபர் மழைக்கு முன்னால், 15ஆம் தேதியிலிருந்து 18 வரை ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்க விடும்படி சென்னையையும் சுற்று மாவட்டங்களையும் சேர்ந்த தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களைத் தமிழக அரசு கேட்டுக்கொண்டது. அந்த நான்கு நாளும் என் குழு வேலை பார்த்தது, கெடு தவறவில்லை. மழையில் நம்பத்தக்கவளாக இருந்த நான் வெயில் அடித்தால் எப்படி மாறிப்போவேன்?

'வீட்டில் இருந்தால் வேலை நடக்காது' என்பதை ஆட்களை வைத்துச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2010 டிசம்பரில் சீனாவின் சி-டிரிப் பயண நிறுவனம் ஷாங்காய் அழைப்பு மையத்தில், விருப்பம் தெரிவித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினர் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். ஒன்பது மாதத்தில் அவர்களுடைய செயல்திறன் 13 சதவீதம் கூடியிருந்தது. வேலையை விட்டுப் போனவர்கள் மற்றவர்களில் போனதில் பாதிதான். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய கூட்டாளிகளும் செய்த அந்த ஆய்வில் இன்னொன்றும் வெளிவந்தது. ஒரே அளவு திறமை காட்டினாலும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. தனிமை தாங்காமல் பலர் பிறகு அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அந்த நிறுவனம் 2021ல் இன்னொரு சோதனை நடத்தியது. இம்முறை 1,612 பேர், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு. 2024ல் நேச்சர் இதழில் வெளியான முடிவின்படி வேலையின் தரமும் பதவி உயர்வும் குறையவில்லை, வேலையை விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அதிகம் பயனடைந்தவர்கள் பெண்களும் நெடுந்தூரத்திலிருந்து வருகிறவர்களும்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வலுவான ஆய்வு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆசியாவின் ஒரு பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலையை, ஊரடங்குக்கு முன்னும் பின்னும் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் அளந்தார்கள். வேலை நேரம் கூடியது, வெளியீடு சற்றுக் குறைந்தது. "பார்த்தீர்களா!" என்று மேலாளர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அவர்கள் காட்டாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. அந்த ஊழியர்களுடைய நேரத்தைத் தின்றது சோம்பல் இல்லை, மீட்டிங். இடையூறில்லாமல் ஒரு வேலையில் ஆழ்ந்திருக்கும் நேரம் சுருங்கியது. வீட்டில் குழந்தை இருந்தவர்களுக்குச் சரிவு இன்னும் அதிகம். அது 2020, பள்ளிகள் பூட்டிக் கிடந்த வருடம் என்பதை நினைத்துப் பாருங்கள். அன்று என் காலண்டரில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை வெள்ளையாக ஒரு கட்டம் கிடையாது. ஆள் கண்ணில் படாததால் மேலாளர் மீட்டிங் போட்டார். மீட்டிங்கில் இருந்ததால் வேலை நின்றது. வேலை நின்றதால் இன்னொரு மீட்டிங். நோய் மேலாளரின் சந்தேகத்தில் இருந்தது, பழி வீட்டின்மேல் விழுந்தது.

அந்தச் சந்தேகத்துக்கு நம் மண்ணில் எப்போதோ பதில் சொல்லியாகிவிட்டது. என் அம்மா ஆலங்குளத்தில் முப்பது வருடம் பீடி சுற்றினாள். திண்ணையில் மடியில் தட்டு, பக்கத்தில் ஊறவைத்த இலை, கத்தரிக்கோல், தூள், நூல். முதலாளி யாரென்று அவளுக்குத் தெரியாது, மேஸ்திரியும் பக்கத்தில் இல்லை. சாயங்காலம் பீடிக்கடையில் கட்டுகளைக் கொடுப்பாள். அங்கே ஒருவர் எடுத்துப் பார்ப்பார், நன்றாக இல்லாததைக் கழித்துவிடுவார், மீதிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி எழுதுவார். காஞ்சிபுரத்தில் வீட்டுக்குள் குழித்தறி போட்டு நெய்தவருக்கும் இதே கதைதான். தறி வீட்டில் இருக்கிறது, ஆகவே இவர் நெய்யவில்லை என்று எந்தப் பட்டு முதலாளியும் சொன்னதில்லை. சேலையை விரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வீட்டில் பீடி சுற்றுகிறவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி கட்ட வேண்டும் என்றபோது முதலாளிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். வீட்டில் இருப்பவர்களை நாங்கள் மேற்பார்வை செய்வதில்லை, ஆகவே அவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை என்பது அவர்கள் வாதம். 1985ல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தரமில்லாத பீடியைக் கழிக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதே, அதுவே போதுமான மேற்பார்வை என்றது. பெங்களூரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்த அதே வருடம். என் அம்மா தன் வைப்பு நிதி பாஸ்புக்கை மஞ்சள் பையில் போட்டுப் பீரோவில் வைத்திருந்தாள்.

எங்கள் துறையில் கழிக்கும் உரிமை பீடிக்கடைக்காரரிடம் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். நான் எழுதும் ஒவ்வொரு வரியும் யார், எப்போது எழுதியது என்ற குறிப்போடு பதிவாகிறது. இன்னொருவர் சரிபார்க்காமல் அது உள்ளே போகாது. பழுதென்று வரும் புகாருக்கு எங்கள் பேச்சில் 'டிக்கெட்' என்று பெயர்; எந்த டிக்கெட்டை எத்தனை மணிக்கு எடுத்தேன், எத்தனை மணிக்கு முடித்தேன் என்பதெல்லாம் கணக்கில் இருக்கிறது. இவ்வளவும் கையில் இருக்க, மாத இறுதியில் மேலாளர் கேட்பது அட்டையை எத்தனை நாள் ஸ்வைப் செய்தாய் என்று. வேலையை எடைபோடத் தெரிந்தவருக்கு ஸ்வைப் கணக்கு எதற்கு?

'எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வளரும், பேச்சில் புது யோசனை பிறக்கும்' என்பார்கள். தடுப்புகளை எடுத்துத் திறந்த கூடமாக்கிய இரண்டு பெரிய நிறுவனங்களில் ஊழியர்களின் பேச்சைக் கருவி மாட்டி அளந்த ஆய்வு 2018ல் வந்தது. நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தது, மின்னஞ்சல் கூடியிருந்தது. என் அனுபவமும் அதுவே. என் குழுவில் நான்கு பேர் சென்னை, மூன்று பேர் புனே, இரண்டு பேர் ஹைதராபாத். ஒன்றரை மணி நேரம் மேடவாக்கம் நெரிசலில் நின்று, மெட்ரோவுக்காகத் தோண்டிய ஓ.எம்.ஆரில் ஊர்ந்து, ஆபீஸ் போய்ச் சேர்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு புனேவோடு பேசுகிறேன். பக்கத்து இருக்கையில் இருப்பவர் வேறு புராஜெக்ட். அவரும் ஹெட்செட்டில் ஹைதராபாத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். இருவரும் ஒருவர் சத்தம் மற்றவருக்குக் கேட்காதபடி வாயைப் பொத்திக்கொள்கிறோம். வீடு திரும்ப மறுபடி ஒன்றரை மணி நேரம்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் விஷயம் வேறு. அதில் அலுவலகத்தின் பக்கம்தான் நிற்பேன். நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு சீனியர் அக்கா என்னைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, பிழையை எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்று காட்டினார். அவர் திரையைப் பார்த்து நான் கற்றது எந்தப் பயிற்சி வகுப்பிலும் இல்லை. 2021ல் சேர்ந்த பிள்ளைகள் ஒரு வருடம் யார் முகத்தையும் பார்க்காமல், சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்டே காலம் தள்ளினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். அதற்கு வழி, அவர்கள் வரும் நாளில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவரும் வருவது, அந்த நாளில் மற்ற மீட்டிங்கை விலக்கி வைப்பது. பொத்தாம்பொதுவாக 'எல்லாரும் ஐந்து நாள்' என்ற சுற்றறிக்கையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாடியில் இருக்கை நிறைந்தால் போதும் என்றிருக்கிறது.

வீட்டு வேலை சொர்க்கம் என்றும் நான் சொல்லவில்லை. அம்மாவின் முதுகு தட்டின்மேல் குனிந்து குனிந்தே வளைந்தது. இலை ஊறவைக்கும் தண்ணீர், விளக்கு, உட்கார்ந்த திண்ணை எல்லாம் அவள் செலவு. எங்களுக்கும் இன்வெர்ட்டர், இணையம், நாற்காலி பெரும்பாலும் சொந்தக் காசுதான். இரவு பத்தரைக்கு வரும் 'சின்ன டவுட்' மெசேஜுக்குக் கணக்கே கிடையாது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களை மற்ற தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்தச் சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 177ஆம் உடன்படிக்கை 1996ல் வந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. பேச வேண்டியது இதைப் பற்றி. பீடித் தொழிலாளிக்கு 1966லேயே ஒரு சட்டம் இருந்தது, எங்களுக்கு மேலாளரின் தயவு மட்டும் இருக்கிறது. 2017ல் திருத்திய மகப்பேறு சட்டமும் விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை முதலாளியும் ஊழியரும் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. ஒருவர் கையில் சம்பளமும் இன்னொருவர் கையில் கைக்குழந்தையும் இருக்கும்போது அந்தப் பேச்சு எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும்.

என் குழுவில் சேலத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். மூன்று வருடம் அம்மா வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். சிக்கலான டிக்கெட் வந்தால் எல்லாரும் அவளிடம்தான் தள்ளுவோம். இரண்டு முறை வாடிக்கையாளரே அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டி எழுதினார். ஐந்து நாள் உத்தரவு வந்தபோது குழந்தைக்கு ஒன்றரை வயது, அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். வாரம் இரண்டு நாள் சென்னை வருகிறேன், ஹாஸ்டலில் தங்கிக்கொள்கிறேன் என்று கேட்டாள். அவளுக்காக நான் மூன்று முறை எழுதினேன். விதிவிலக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்று பதில் வந்தது.

ராஜினாமா படிவத்தில் காரணத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் வரும். உயர்கல்வி, வேறு வேலை, திருமணம், உடல்நலம், சொந்தக் காரணம். எதைப் போடட்டும் அக்கா என்று போனில் கேட்டாள். அவளுடைய காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. கடைசியில் 'சொந்தக் காரணம்' என்று போட்டாள். வருடக் கடைசியில், பெண்கள் ஏன் வேலையை விடுகிறார்கள் என்று மனிதவளத் துறை போட்ட அறிக்கையில் அவளும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறாள்.