கைப்பிடிச் சுவர் கட்டியவனுக்குக் கைப்பிடி இல்லை

"குடிச்சிட்டு ஏறியிருப்பான்."

கட்டடத்திலிருந்து ஒருவன் விழுந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் இந்த வாக்கியம் வந்து சேர்ந்துவிடும். மேஸ்திரி சொல்வார், இன்ஜினியர் சொல்வார், எதிர் டீக்கடையில் நிற்பவன் சொல்வான். விழுந்தவனின் வாயை மோந்து பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 2011-ல் என் அண்ணன் விழுந்தபோதும் அப்படித்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணன் கொத்தனார். சித்தாள் வேலைக்குப் போன அம்மாவின் பின்னால் கல் எடுத்துக் கொடுக்கப் போய், பிறகு கரணை பிடித்தவர். நான் எம்.ஏ. தமிழ் படித்தது அவர் கூலியில். அது ஒரு தனியார் கல்லூரியின் விடுதிக் கட்டடம். மூன்றாம் மாடி சன்ஷேடுக்கு அடியில் பூச்சு வேலை. தரையிலிருந்து முப்பதடிக்கு மேல். சவுக்குக் கழியில் சாரம், நார்க்கயிற்றில் கட்டு. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து இற்றுப் போன கயிறு. ஆனால் அவரைத் தள்ளியது கயிறுகூட இல்லை, பலகை. இரண்டு குறுக்குக் கழிகளின் மேல் அதைச் சும்மா போட்டிருந்தார்கள், கட்டவில்லை. ஒரு முனை கழியைத் தாண்டி இரண்டடி நீட்டிக்கொண்டிருந்தது. சாந்துச் சட்டியை வாங்கத் திரும்பியவர் அந்த முனையில் கால் வைத்தார். மறுமுனை எழும்பியது. அவ்வளவுதான். காலை பத்து மணி. வீட்டில் பழையது குடித்துவிட்டுப் போன வயிறு.

10 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவன் தரையைத் தொட ஒன்றரை விநாடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். இது பள்ளிக்கூடத்துக் கணக்கு. அண்ணனுக்கு முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்ச்சி இல்லை.

எட்டாம் நாள் மேஸ்திரி, காண்ட்ராக்டரின் ஆளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். "தண்ணி போட்டிருந்தான்னு கேஸானா ஒரு பைசா வராது தம்பி. ஏதோ மனசாட்சிக்குக் குடுக்கறாங்க, வாங்கிக்குங்க" என்றார். 40,000 ரூபாய். இனிமேல் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று ஒரு காகிதம். அண்ணன் படுத்தபடியே கையெழுத்துப் போட்டார். "நீ படிச்ச புள்ள, சாட்சி போடு" என்றார்கள். போட்டேன். அப்போதுதான் எம்.ஏ. முடித்திருந்தேன். பேருக்குப் பின்னால் அதையும் எழுதினேன்.

பிற்பாடு சங்க வேலைக்கு வந்த பிறகுதான் அந்தக் காகிதத்தின் யோக்கியதை எனக்குத் தெரிந்தது. அப்போது நடப்பிலிருந்தது 1923-ஆம் வருசத்து இழப்பீட்டுச் சட்டம். அதில் குடிபோதையைக் காட்டி முதலாளி தப்பிக்க ஒரு சந்து உண்டு. ஆனால் தொழிலாளி செத்துப்போனாலோ, நிரந்தரமாக முழுசாக முடங்கிப்போனாலோ அந்தச் சந்து அடைபட்டுவிடும். குடித்திருந்தாலும் இழப்பீடு கொடுத்தே ஆகவேண்டும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்றும் அதே சட்டம் சொன்னது. அதாவது அவர்கள் சொன்ன மிரட்டல் பொய். நான் சாட்சி போட்ட காகிதம் வெற்றுக் காகிதம். மனுப்போட இரண்டு வருசக் கெடு. தெரிந்தபோது அந்தக் கெடு தாண்டியிருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கலாம் என்பதும் அதற்கும் பின்னால்தான் தெரிந்தது. யாப்பிலக்கணம் தெரிந்த எனக்கு இந்த நாலு வரி தெரியவில்லை. இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருப்பது அதைவிட வெட்கம்.

சரி, குடித்திருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். நான் ஒன்று கேட்கிறேன். அதே விடுதியின் மொட்டை மாடியைச் சுற்றி இடுப்புயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் நிற்கிறது. எதற்கு? ஓடியாடும் மாணவன், போனில் பேசிக்கொண்டே நடப்பவன், ராத்திரி ஒளிந்து பீர் குடிப்பவன், யாரும் தவறி விழுந்துவிடக் கூடாது என்பதற்கு. மனுசன் தடுமாறுவான் என்று தெரிந்துதான் கைப்பிடிச் சுவர் வைக்கிறான். தடுமாறுகிறவனிடம் நீ குடித்தாயா, என்ன குலம், எவ்வளவு கூலி என்று அந்தச் சுவர் கேட்பதில்லை. அந்தச் சுவரைக் கட்டியவன் நின்ற பலகைக்கு மட்டும் ஏன் ஒரு குறுக்குக் கழிகூட இல்லை? குடியிருக்கப் போகிறவனின் தடுமாற்றம் இன்ஜினியரின் கணக்கில் வருகிறது. கட்டுகிறவனின் தடுமாற்றம் ஒழுக்கக்கேட்டில் வருகிறது.

"பெல்ட் குடுத்தாலும் போட மாட்டானுங்க சார்" என்பது அடுத்த வசனம். பெல்ட்டை எதில் மாட்டுவது? இற்றுப்போன கயிற்றில் கட்டிய சவுக்குக் கழியிலா? சாரம் சாய்ந்தால் பெல்ட்டும் சேர்ந்துதானே சாயும்? தனியே ஒரு உறுதியான பிடிமானம், அதிலிருந்து இறங்கும் உயிர்க்கயிறு, அதில் மாட்டும் கொக்கி. இவை இல்லாமல் கொடுக்கிற பெல்ட் அதிகாரி வரும் நாளுக்குப் போட்ட வேசம். அதற்குமேல், அடிக்கணக்கில் கூலி பேசிவிட்டு, ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டு என்றால் அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

நல்ல சாரம் என்பது அதிசயம் இல்லை. கழி மண்ணில் புதையாமல் அடியில் பலகை. ஆடாமல் இருக்க மூலைவிட்டக் கட்டு. கட்டடத்தோடு பிணைப்பு. இடைவெளியில்லாமல் பரப்பி, நகராமல் கட்டிய பலகைகள். இடுப்புயரத்தில் ஒரு தடுப்பு, நடுவில் ஒன்று, காலடியில் சாமான் உருளாமல் ஒரு பலகை. ஏற ஏணி. மழைக்குப் பிறகு தெரிந்த ஒருவர் ஏறிப் பார்த்துச் சொல்லும் ஒரு வார்த்தை. 1996-ல் கட்டடத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1998-ல் மத்திய அரசு போட்ட விதிகளில் சாரத்துக்கென்றே தனி அத்தியாயம் இருந்தது. கட்டடச் செலவில் 1 சதம் நலவரி வசூலானது. அந்தப் பணம் தொழிலாளிக்குப் போய்ச் சேராமல் கிடக்கிறதே என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடி இடிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திரம், ஒடிசா என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். அன்று டிவி வந்தது. ஒவ்வொருவராக விழுகிறவனுக்கு டிவி வராது.

2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத் தொகுப்புகள் வந்து 1923-ஐயும் 1996-ஐயும் விழுங்கிவிட்டன. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கட்டட வேலை பழைய சட்டத்திலும் வராது, புதியதிலும் வராது. எங்கள் ஊர்ப்பக்கத்து மேஸ்திரிக்கு ஒன்பது வரைக்கும்தான் எண்ணத் தெரியும்.

இது வர்க்கப் பிரச்சினை, இதில் சாதி எங்கே வந்தது என்று தோழர்கள் கேட்பார்கள். மூன்றாம் மாடிச் சாரத்தில் நிற்பவர்களின் தெருப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளிடமும் கேளுங்கள். ஊருக்கு வெளியே என்ற பதில் எந்தப் பாசையில் சொன்னாலும் புரியும். என் அம்மா முப்பது வருசம் சித்தாளாகவே இருந்து மூட்டுத் தேய்ந்தாள். கரணை அவள் கைக்கு வரவேயில்லை. வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவனையும் மேல்கீழாக அடுக்கி வைத்தது சாதி என்று 1936-லேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். அந்த அடுக்கில் கீழே இருப்பவன்தான் கட்டடத்தில் உச்சிக்கு ஏற்றப்படுகிறான். அவன் உசிரின் விலையும் அந்த அடுக்கின்படியேதான் பேசப்படுகிறது.

நம்மவர்களையும் விடுவதற்கில்லை. உழைக்கும் கரங்களைப் பற்றிக் கவிதை எழுதியாகிவிட்டது. வியர்வையைப் பாடியாகிவிட்டது. நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கவிதைகளில் ஒன்றிலாவது கட்டாத பலகை வந்திருக்கிறதா? நமக்கு விழுந்தவனின் துயரம் வேண்டியிருக்கிறது, விழுந்ததன் காரணம் வேண்டியிருக்கவில்லை. வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 1943-ல் தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தானே இறங்கிப் பார்த்தார். அவர் படத்துக்கு மாலை போடுகிற நாம் ஒரு சாரத்தின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறோமா?

எனவே இரங்கல் வேண்டாம், கருணைத்தொகையும் வேண்டாம். பலகையைக் கட்டு. தடுப்பு போடு. போடும்வரை ஏற மாட்டேன் என்கிறவனின் அன்றைய கூலியில் கைவைக்காதே. ஒருவர் வேலை செய்தாலும் சட்டம் அங்கே போகட்டும். நம்முடைய படிப்பு வட்டங்களில் இலக்கியத்தோடு இழப்பீட்டுச் சட்டத்தையும் வாசிப்போம். இன்னொரு படித்த தம்பி இன்னொரு வெற்றுக் காகிதத்தில் சாட்சி போடக் கூடாது.

அண்ணன் இப்போது திண்ணையில்தான் இருக்கிறார். காலையில் டிபன் கேரியரோடு வேலைக்குப் போகும் தெருப் பையன்களை ஒருவன் விடாமல் நிறுத்தி ஒரே கேள்வி கேட்பார்.

"பலகைய கட்டிட்டானுங்களாடா?"

இல்லை என்றால், "அப்ப நீ கட்டிட்டு ஏறு. மேஸ்திரி கத்தினா கத்தட்டும்" என்பார்.