கப்பலில் வரும் மரத்துக்கு ரசீது எங்கே?

மார்ச் 21-ந் தேதி உலக வன தினம். ஐ.நா. சபை 2012-ம் ஆண்டு முடிவு செய்து, 2013-ல் இருந்து ஆண்டுதோறும் நடந்து வருகிறது. அன்று மந்திரிகள் மரக்கன்று நடுவார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினார்களா என்பது வேறு கதை.

"காட்டைப் பற்றி ஊர் ஊராக மாநாடு போடுகிறார்கள். மும்பையில் ஒண்டுக் குடித்தனம் நடத்துகிற நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நம்மவர்கள் எத்தனையோ பேர் மரப்பேட்டைகளிலும் தச்சுப் பட்டறைகளிலும் வேலை செய்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கதவு நிலைக்கு மலேசியா சால், பலகைக்கு நியூசிலாந்து பைன், வசதி உள்ளவர் வீட்டுக்கு பர்மா தேக்கு என்பார்கள். நம் நாட்டு மரத்தின் பெயர் அவர்கள் வாயில் அபூர்வமாகத்தான் வரும்.

இது எப்படி ஆயிற்று?

கூடலூரில் பிறந்த வழக்கு

1995-ம் ஆண்டு, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டார். நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியில் காடு அழிகிறது என்பது வழக்கு. 1996-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி கோர்ட்டு பிறப்பித்த உத்தரவு கூடலூரோடு நிற்காமல் நாடு முழுவதையும் பிடித்தது. மத்திய அரசு ஒப்புக்கொண்ட திட்டம் இல்லாமல் எந்த மாநிலத்திலும் காட்டு மரத்தை வெட்டக் கூடாது. வடகிழக்கில் உள்ள 7 மாநிலங்களில் இருந்து வெட்டிய மரம் ரெயிலிலோ, ரோட்டிலோ, தண்ணீர் வழியாகவோ வெளியே போகக் கூடாது. ராணுவத்துக்கும் அரசுத் தேவைக்கும் மட்டும் விலக்கு. இதை நிறைவேற்றும் பொறுப்பு மாநில அரசுகளோடு ரெயில்வேக்கும் தரப்பட்டது. சரக்கு அலுவலகத்தில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர்கள் அந்த நாட்களைப் பற்றி இன்னும் பேசுவார்கள்.

அந்த உத்தரவு சரியானதுதான். கோடாலிக்கு அந்த அளவு கடிவாளம் போடாவிட்டால் வடகிழக்கில் மிச்சம் இருந்த காடும் போயிருக்கும். ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் யார்? அசாமில் தின்சுகியா பக்கம் இருந்த பிளைவுட் ஆலைகள் மூடப்பட்டன. அதில் கூலி வாங்கியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கூடலூரிலோ, இலங்கையில் இருந்து திரும்பி வந்த நம் மக்கள் உட்பட, ஜென்ம நிலங்களில் குடியிருப்பவர்கள் பலர் பட்டா இல்லாமல் இன்னும் அலைகிறார்கள். காட்டைக் காப்பாற்றினோம் என்று சொல்லும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கோர்ட்டு கோடாலியை நிறுத்தியதே தவிர, நமக்குக் கதவும் கட்டிலும் வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. எனவே மரம் கப்பலில் வரத் தொடங்கியது. குஜராத்தில் காண்ட்லா துறைமுகமும் அதை ஒட்டிய காந்திதாமும் இன்று மரத்தடிக்குப் பெயர் போன இடங்கள். அசாமில் விழாத கோடாலி பர்மாவில் விழுந்தது, சரவாக்கில் விழுந்தது. (நியூசிலாந்து பைன் பற்றி எனக்குப் புகார் இல்லை. அது பயிர் மாதிரி நட்டு வளர்த்து வெட்டுகிற மரம்.)

யாருக்கு எத்தனை ஓட்டு?

இதையெல்லாம் கவனிக்க சர்வதேச அமைப்பு எதுவும் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 1983-ல் வெப்பமண்டல மர ஒப்பந்தம் என்று ஒன்று போட்டார்கள். அதன் சபை ஜப்பானில் யோகோஹாமா நகரில் இருக்கிறது. சபையில் மரம் விற்கும் நாடுகளுக்கு 1,000 ஓட்டு, வாங்கும் நாடுகளுக்கு 1,000 ஓட்டு. விற்கிற பக்கத்தில் ஓட்டின் ஒரு பகுதி காட்டின் அளவைப் பொறுத்தது, இன்னொரு பகுதி ஏற்றுமதியைப் பொறுத்தது. வாங்குகிற பக்கத்தில், யார் அதிகம் வாங்குகிறாரோ அவருக்கு அதிக ஓட்டு. காட்டுக்குள் குடியிருப்பவனுக்கு ஓட்டு கிடையாது. இதில் ஒரு வேடிக்கை: கப்பல் கப்பலாக மரம் வாங்குகிற இந்தியா, அந்தச் சபையில் விற்கிறவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது!

1990-ல் இந்தச் சபை பாலித் தீவில் கூடி, 2000-ம் ஆண்டுக்குள் உலகச் சந்தைக்கு வரும் வெப்பமண்டல மரம் முழுவதும் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் காடுகளில் இருந்தே வர வேண்டும் என்று தீர்மானித்தது. 2000-ம் ஆண்டு வந்தது, போயிற்று. இலக்கு எட்டப்படவில்லை.

1992-ல் ரியோ நகரில் பூமி மாநாடு. காடுகளுக்காக எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்று பணக்கார நாடுகள் கேட்டன. மலேசியாவும் இந்தியாவும் முன்னால் நின்று எதிர்த்தன. "உங்கள் காட்டைத் தின்று தீர்த்துவிட்டு எங்கள் காட்டுக்குச் சட்டம் போட வருகிறீர்களா?" என்கிற வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் நம் நாட்டில் தண்டவாளம் போட்டபோது, ஒரு மைலுக்கு 1,760 முதல் 2,000 ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டியிருந்தது. 1850-களில் சென்னை ராஜதானியில் மட்டும் அதற்காக ஆண்டுக்கு 35,000 மரங்கள் வெட்டப்பட்டன என்று சரித்திரம் சொல்கிறது. இன்று பாதை முழுக்க கான்கிரீட் கட்டைகள் வந்துவிட்டன. போன மரம் போனதுதான்.

முடிவில் ரியோவில் வெளிவந்தது "சட்டப்படி கட்டுப்படுத்தாத" ஒரு கொள்கை அறிக்கை. ஆபீசில் இப்படி ஒரு சர்க்குலர் வந்தால் பைலில் போட்டு நாடாவைக் கட்டிவிடுவோம். அதன் பிறகு 2000-ல் ஐ.நா. வன மன்றம், 2007-ல் இன்னொரு கட்டுப்படுத்தாத ஆவணம், 2014-ல் நியூயார்க் பிரகடனம். 2020-க்குள் காடழிவைப் பாதியாக்குவோம் என்றது நியூயார்க். அது நடக்கவில்லை. 2021-ல் கிளாஸ்கோவில் 140-க்கும் மேற்பட்ட நாடுகள் கையெழுத்துப் போட்டு, 2030-க்குள் காடழிவை நிறுத்துவோம் என்றன. இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை.

பலன் அறவே இல்லை என்றும் எழுதக் கூடாது. ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் 2025-ம் ஆண்டு கணக்குப்படி, 1990-களில் ஆண்டுக்கு 1 கோடியே 76 லட்சம் எக்டேர் காடு அழிந்தது. 2015-க்கும் 2025-க்கும் இடையே அது 1 கோடியே 9 லட்சமாகக் குறைந்திருக்கிறது. குறைந்த கணக்கே ஆண்டுக்கு சுமார் 2 கோடியே 70 லட்சம் ஏக்கர் என்றால், நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

வாங்குகிறவனைக் கேள்

மாநாட்டுத் தீர்மானங்களைவிட வேலை செய்கிற வழி ஒன்று உண்டு. வெட்டுகிறவனைத் துரத்துவதோடு நிற்காமல், வாங்குகிறவனிடமும் ரசீது கேட்பது. அமெரிக்கா 2008-ல் தன் பழைய சட்டம் ஒன்றைத் திருத்தி, பிற நாட்டில் திருட்டுத்தனமாக வெட்டிய மரத்தை வாங்குவதும் குற்றம் என்று ஆக்கியது. ஐரோப்பிய நாடுகளில் 2013 மார்ச் முதல் அப்படியே. 2023-ல் ஐரோப்பா இன்னும் கடுமையான சட்டம் போட்டது. மரத்தோடு காப்பி, ரப்பர், கோகோ, சோயா, பாமாயில், மாடு எல்லாவற்றுக்கும் விளைந்த நிலத்தைக் காட்ட வேண்டும். அந்தச் சட்டம் இரண்டு முறை தள்ளிப் போடப்பட்டு 2026 டிசம்பருக்குப் போயிருக்கிறது. பெரிய வியாபாரிகளின் கூச்சலும் அதற்குக் காரணம். சிறிய விவசாயிகளின் நியாயமான பயமும் காரணம்.

நம் நாட்டில் இறக்குமதி மரத்துக்கு இப்படி ஒரு சட்டம் கிடையாது. பர்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஏப்ரல் 1 முதல் முழு மரத்தடி ஏற்றுமதியை அந்த நாடே தடை செய்தது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஆண்டே அமெரிக்காவும் ஐரோப்பாவும் பர்மாவின் அரசு மரக் கழகத்தோடு வியாபாரம் கூடாது என்று தடை போட்டன. தேக்கு விற்ற பணம் துப்பாக்கி வாங்கப் போகிறது என்பது காரணம். இந்தியா அப்படி எந்தத் தடையும் போடவில்லை.

ரெயிலில் ஒரு வேகன் சரக்கு வந்தால், ஆர்.ஆர். இல்லாமல் டெலிவரி கொடுக்க மாட்டோம். உள்நாட்டுக் காட்டு மரம் என்றால் வன இலாகா பாஸ் வேண்டும். ஒரு மூங்கில் கட்டு கொண்டு போகிற ஏழையைக்கூட வழியில் மறித்து பாஸ் கேட்டார்கள். துறைமுகத்தில் மலை மலையாக இறங்குகிற மரத்துக்கோ பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், வரி கட்டியாயிற்றா என்று பார்க்கிறார்கள். எந்தக் காடு, யார் அனுமதி என்று கேட்பதில்லை.

பாஸ் என்றதும் நம் மராட்டிய மாநிலத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்று ஒரு கோண்டு கிராமம். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2009-ல் அந்தக் கிராமத்துக்குக் காட்டின் மீது சமூக உரிமை கிடைத்தது. ஆனாலும் மூங்கிலை விற்கப் பாஸ் கொடுக்க வன இலாகா மறுத்தது. 2011 ஏப்ரலில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் அந்தக் கிராமத்துக்கே வந்து, பாஸ் புத்தகத்தை கிராம சபையின் கையில் கொடுத்தார். தன் காட்டில் எவ்வளவு மூங்கில் வெட்டுவது, எந்தப் பக்கம் விட்டுவைப்பது என்பதைக் கிராமமே தீர்மானிக்கிறது. யோகோஹாமாவில் ஓட்டு இல்லாத ஜனங்கள் இவர்கள்.

இதற்கு நேர்மாறாக 2019 பிப்ரவரியில், உரிமை கேட்டு மனு நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டை விட்டு வெளியேற்றச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. லட்சக்கணக்கான குடும்பங்கள் நடுங்கின. அதே மாதக் கடைசியில் அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது.

"ரசீது கேட்டால் மரம் விலை ஏறும், பட்டறை வேலை குறையும்" என்று தச்சுத் தொழில் செய்யும் நண்பர்கள் சொல்கிறார்கள். விலை கொஞ்சம் ஏறும்தான். ஆனால் 1996-ல் ஒரே நாளில் உத்தரவு வந்து ஆலைகள் மூடியது போல ஆவதைவிட, முன்கூட்டியே தேதி குறித்து, படிப்படியாகக் கேட்பது தொழிலாளிக்கு நல்லது. முதலில் தேக்கும் மலேசியா சாலும். பிறகு மற்றவை.

2023 டிசம்பரில் மத்திய அரசு மரத்துக்கான சான்றிதழ் திட்டம் ஒன்றை அறிவித்திருக்கிறது. விரும்பினால் சேரலாம், கட்டாயம் இல்லை. வெளிநாட்டுக்கு மரச் சாமான் அனுப்புகிறவர்கள் ஏற்கனவே இத்தகைய காகிதங்களைத் தயார் செய்துதான் கொடுக்கிறார்கள். ஐரோப்பாக்காரன் நம்மிடம் கேட்டு வாங்குகிற காகிதத்தை, நாம் பர்மாக்காரனிடம் கேட்க என்ன தடை? நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தில் மும்பை எம்.பி.க்கள் யாராவது வர்த்தக மந்திரியிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும்.