பரணும் பீரோவும்

வீடு பழசாகத் தெரிகிறது என்று தோன்றிய மாத்திரத்தில் கடைக்கு ஓடுகிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை. ஆடித் தள்ளுபடியில் பீரோ வாங்குகிறார்கள். எதற்கு? சென்ற ஆடியில் வாங்கியதை வைக்க!

போகி வந்தால் ஆளுக்கு ஆள் நன்னூலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவணந்தியார் சொன்னது சொற்களைப் பற்றி. சட்டி பானையைப் பற்றியல்ல. போகட்டும், அவரும் கழிவதை முன்னே வைத்துத்தான் புகுவதைப் பின்னே வைத்தார். நாமோ இரண்டு கிழிந்த பாயைத் தெருவில் கொளுத்திவிட்டு முன்பாதி முடிந்தது என்கிறோம். (2018 போகியில் புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின.) பரண்மேல் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. அங்கே மூடி தொலைந்த ஹார்லிக்ஸ் புட்டிகள், ஓட்டைக் கூஜா, கல்யாணப் பரிசாக வந்த மூன்று சுவர்க் கடிகாரங்கள்.

"என்றைக்காவது உதவுமே!" என்பாள் என் மனைவி. பாட்டி காலத்தில் அது நியாயம். அன்று ஒரு சாமான் போனால் மறுசாமான் வராது. இன்று வாசலில் வந்து இறங்குகிறதே!

சென்ற தையில் கூடத்தை ஒழித்தேன். புதிதாக ஒரு துரும்பும் வாங்கவில்லை. வந்த நண்பர், "வெள்ளையடித்தீரா, ஓய்?" என்று கேட்டார். புட்டிகளும் கூஜாவும் எடைக்குப் போயின. கடிகாரம் ஒன்று எதிர்வீட்டில் ஓடுகிறது, இன்னொன்று இஸ்திரிக்காரர் வீட்டில். மூன்றாவதைத் தர மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.