கப்பல் ஏறுமுன் கணக்கிடுங்கள்



சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம் சிந்தனையைத் தூண்டியது. "எங்கள் பெற்றோரின் திருமணப் பொன்விழா அடுத்த ஆண்டில் வருகிறது. பிள்ளைகள் மூவரும் பணம் சேர்த்து, அவர்களைச் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் நான்கு நாள் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். இது வீண் ஆடம்பரம் என்கிறார் உறவினர் ஒருவர். தங்கள் கருத்து என்ன? செல்வதானால் எவற்றைக் கவனிக்க வேண்டும்?" என்று பங்குச் சகோதரி ஒருவர் வினவியிருக்கிறார். இதே எண்ணத்துடன் வேறு இல்லங்களும் இருக்கக்கூடும் என்பதால், இத்திங்கள் இப்பகுதியை இதற்கே ஒதுக்குகிறோம்.

அந்தக் கடல்வழி நமக்குப் புதியதன்று. 'ராஜூலா' என்ற கப்பலிலும், பின்னர் 'சிதம்பரம்' என்ற கப்பலிலும் நம் முன்னோர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, கொண்டுசென்ற பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு சென்ற பிரயாணம் அது. 1985-இல் சிதம்பரம் கப்பலில் மூண்டு உயிர்களைப் பலிகொண்ட தீயோடு அந்தப் போக்குவரத்து முடிவுற்றது. பாட்டன் கூலிக்காகக் கடந்த கடலைப் பேரன் தன் பெற்றோரை மகிழ்விக்கக் கடக்க விரும்பினால், அதில் பிழை ஏதும் இல்லை என்பதே நம் கருத்து. ஐம்பது ஆண்டுகள் பிறருக்காக உழைத்தவர்கள் நான்கு நாள் அமர்ந்து உண்பது ஆடம்பரம் ஆகாது.

ஆனால் நற்செய்தியில் கோபுரம் கட்ட எண்ணியவனைப் பற்றி ஆண்டவர் இயேசு சொன்ன உவமையை மறக்கலாகாது. முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடாதவன் பாதியில் நின்று நகைப்புக்கு இடமானான். கப்பல் பிரயாணத்திலும் பணம், பத்திரங்கள், உடல்நலம், ஆன்மநலம் ஆகிய நான்கையும் முன்னரே உட்கார்ந்து எண்ண வேண்டும்.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தைச் சொல்வோம். அதுவும் ஒரு பொன்விழாதான். மகனும் மருமகளும் ஓராண்டாகச் சேமித்து, பெற்றோரையும் தம் இரு குழந்தைகளையும் சேர்த்து அறுவருக்கு இடம் பதிவு செய்தனர். விசா கிடைத்தது, புத்தாடைகளும் வாங்கியாயிற்று. சென்னை விமான நிலையத்தில் முதியவரின் கடவுச்சீட்டைப் புரட்டிய அலுவலர், அது காலாவதியாக நான்கு மாதங்களே இருப்பதைக் கண்டு, அவரை விமானத்தில் ஏற்ற இயலாது என்று கூறிவிட்டார். பத்திரக் குறைபாட்டுக்குக் காப்பீடு பணம் தராது. கப்பல் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் காலம் கடந்துவிட்டது. "நீங்கள் போய் வாருங்கள், குழந்தைகள் ஏங்கிப் போவார்கள்" என்று வற்புறுத்தி அனுப்பிவிட்டு, அந்தத் தாய் தம் கணவரோடு வாடகை வண்டியில் வீடு திரும்பினார். இன்று அவ்வீட்டுச் சுவரில் கடலைப் பின்னணியாகக் கொண்ட அழகிய நிழற்படம் ஒன்று தொங்குகிறது. அதில் பொன்விழாத் தம்பதியர் மட்டும் இல்லை. அதைக் காணும்போதெல்லாம் அம்மகன் தலைகுனிகிறான். அவனிடம் அன்பில் குறை இல்லை. ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பத்திரங்களைச் சரிபார்க்காததே குறை.

ஆகவே பத்திரங்களிலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூருக்குள் நுழைய, கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். முன்பணம் கட்டும் முன்பே ஒவ்வொருவருடைய சீட்டையும் எடுத்துப் பாருங்கள். இந்தியக் குடிமக்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. கப்பலில் புறப்படும்போது நீங்கள் அந்நாட்டை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பும்போது மறுபடியும் நுழைகிறீர்கள். எனவே உங்கள் விசா ஒருமுறைக்கு மேல் நுழைய இடந்தருவதா என்று கேட்டுத் தெளிக. கப்பல் தொடும் மலேசியா, தாய்லாந்து நாடுகளின் விதிகள் அவ்வப்போது மாறுவதால், பதிவு செய்யும்போது ஒருமுறையும், புறப்படுமுன் ஒருமுறையும் விசாரிப்பது நலம். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் பயணச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்றிலும் வீட்டுப் பெயர் மற்றொன்றிலும் இருப்பது நம் குடும்பங்களில் அடிக்கடி காணும் குழப்பம்.

அடுத்தது பணம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் தொகை, பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கினால் தலைக்கு ஆகும் கட்டணமே. தனியாகச் செல்லும் விதவைத் தாயிடம் ஏறத்தாழ இருவர் கட்டணத்தையே கேட்பதும் உண்டு. அவரைப் பேத்தியோடு ஓர் அறையில் சேர்த்தால் அந்தச் சுமை நீங்கும். அதே அறையில் மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் கட்டணம் குறைவு. இத்தொகைக்கு மேல் துறைமுக வரிகளும், பணியாளர்க்கான அன்பளிப்பும் சேரும். பல கப்பல் நிறுவனங்கள் தலைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை அன்பளிப்பாகக் கணக்கில் எழுதுகின்றன. குழந்தைகளுக்கும் இது பொருந்தும். 18 டாலர் என்று கொண்டால், அறுவர் நான்கு இரவு தங்குவதற்கு 432 டாலர் ஆகிறது. விமானக் கட்டணம், முதல் நாள் விடுதிச் செலவு, காப்பீடு, கரைச் சுற்றுலா ஆகியவை வேறு. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு மூலத்திலேயே வசூலிக்கப்படும் வருமான வரியும் உண்டு. அதன் இரசீதைப் பாதுகாத்தால் கணக்குத் தாக்கலின்போது ஈடு செய்துகொள்ளலாம்.

முன்பணம் கட்டியதும் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. மீதித் தொகையைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 முதல் 90 நாட்களுக்கு முன்பே செலுத்த வேண்டியிருக்கும். அதன்பின் பயணத்தை இரத்துச் செய்தால், நாள் நெருங்க நெருங்க இழப்பு மிகுதியாகும். இந்த இரத்து அட்டவணையை முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசி நேரத்தில் விலை குறையும் என்று காத்திருப்பது சிங்கப்பூரிலேயே வாழ்பவருக்குப் பொருந்தலாம். விசாவும் விமானச்சீட்டும் பெற வேண்டிய நமக்குப் பொருந்தாது.

கப்பலில் முதன்மை உணவுக்கூடத்தின் உணவு கட்டணத்தில் அடங்கும். மதுபானம், சிறப்பு உணவகங்கள், இணைய வசதி, நிழற்படங்கள் முதலியன பெரும்பாலும் அடங்கா. அங்கே கையில் காசு புழங்குவதில்லை. அறைச் சாவியாகிய அட்டையை நீட்டினால் போதும். இதுவே ஆபத்து. செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. நடுக்கடலில் சூதாட்டக்கூடமும் திறக்கப்படும். அதன் வாசலில் ஐந்து நிமிடம் வேடிக்கை பார்க்கச் சென்றவர் ஐந்து மணி நேரம் அமர்ந்துவிடுவார். ஒவ்வோர் இரவும் அன்றைய கணக்கைக் கேட்டுப் பாருங்கள். கைப்பேசியைக் கப்பல் ஏறியதும் விமானநிலைக்கு மாற்றிவிடுங்கள். செயற்கைக்கோள் வழியாக வரும் அழைப்புகளுக்கான கட்டணம் திகைக்க வைக்கும்.

மூன்றாவது உடல்நலம். சன்னலில்லாத உள்ளறை மலிவு. பகலெல்லாம் வெளியே இருக்கும் இளைஞர்க்கு அது போதும். முதியோர்க்குக் கடல் தெரியும் அறை ஆறுதலாக இருக்கும். தலைசுற்றல் உடையவர்க்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறை உகந்தது. அங்கே ஆட்டம் குறைவு. மலாக்கா நீரிணை சுமத்திரா தீவின் மறைவில் இருப்பதால் பொதுவாக அமைதியானது. ஆனால் ஃபூகெட் அந்தமான் கடலை நோக்கியுள்ளது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அலை மிகும். அங்கே சில கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் இறக்குகின்றன. முழங்கால் வலியுள்ளவர்க்கு அது கடினம். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டியே நிற்பதால் அத்தொல்லை இல்லை.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றை மறைக்காமல் தெரிவித்துக் காப்பீடு எடுக்க வேண்டும். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் அது பயன்படாது. கப்பலில் மருத்துவர் உண்டு. அவருக்கான கட்டணம் மிக அதிகம். நோயாளியைக் கப்பலிலிருந்து மருத்துவமனைக்கு மாற்றும் செலவும் காப்பீட்டில் அடங்குகிறதா என்று பாருங்கள். மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். கருவுற்ற பெண்களைப் பிரயாணத்தின்போது இருபத்து நான்காவது வாரத்தை எட்டுவதாயின் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. உண்ணுமுன் சோப்பினால் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமிக்குக் கைத்திரவம் மட்டும் போதாது.

காலந்தவறாமையைத் தனியே வலியுறுத்துகிறோம். கப்பல் புறப்படும் நாளிலேயே விமானத்தில் சென்று இறங்கத் திட்டமிடாதீர்கள். ஒரு நாள் முன்னதாகச் சென்றுவிடுங்கள். சிங்கப்பூர் நேரத்தைவிடத் தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்தங்கியது. கரையிலுள்ள கடிகாரத்தை நம்பி உலவியவர், துறைமுகத்துக்கு வந்து கப்பலின் முதுகைக் காண்பதுண்டு. கப்பலின் நேரம் எதுவென்று கேட்டறிந்து, ஒருவரேனும் கைக்கடிகாரத்தை அதன்படியே வைத்திருங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக வண்டி பிடித்துச் சென்றால் காத்திராது.

ஏறியதும் நடைபெறும் ஆபத்துக்காலப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டாம். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜீலியோ தீவருகே 'கோஸ்டா கன்கோர்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் மாண்டனர். அன்று புதிதாக ஏறியிருந்த பயணிகளுக்கு அப்பயிற்சி இன்னும் அளிக்கப்பட்டிருக்கவில்லை. அதன்பின்னரே, புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி அளிக்க வேண்டும் என்று உலக விதி திருத்தப்பட்டது.

இறுதியாக ஆன்மநலம். 1912 ஏப்ரல் 14, ஞாயிறு காலையில் 'டைட்டானிக்' கப்பலில் திருப்பலி நிறைவேற்றிய ஆங்கிலேயக் குரு தாமஸ் பைல்ஸ், அன்றிரவு கப்பல் மூழ்கியபோது படகில் ஏற மறுத்து, மக்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டவாறே உயிர் துறந்தார். இன்றைய கப்பல்கள் பலவற்றில் குருவானவர் இருப்பதில்லை. எனவே ஞாயிறு கரையில் இருக்குமாறு, வாரநாட்களில் புறப்படும் பிரயாணத்தைத் தேர்ந்தெடுங்கள். சிங்கப்பூரில் 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடனை நிறைவு செய்யும். எவ்வகையிலும் இயலாதபோது குடும்பமாகக் கூடிச் செபிக்குமாறு திருச்சபைச் சட்டம் பரிந்துரைக்கிறது.

உங்கள் படுக்கையை விரிக்கும் பணியாளரையும் எண்ணிப் பாருங்கள். பிலிப்பீன்சு, இந்தோனேசியா, நம் இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்து, ஆறு முதல் ஒன்பது மாதங்கள் வரை மனைவி மக்களைப் பிரிந்து உழைப்பவர்கள் அவர்கள். அன்பளிப்புத் தொகையைக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லிச் சேமிப்பவரைக் கண்டிருக்கிறோம். ஏழையின் கூலியில் செய்யும் சிக்கனம் நமக்கு வேண்டாம். அவருடைய பெயரைக் கேட்டறியுங்கள், ஊரைக் கேளுங்கள். கடலோடிகளுக்கென 1920-இல் கிளாஸ்கோ நகரில் தோன்றிய 'ஸ்டெல்லா மாரிஸ்' என்னும் திருச்சபைப் பணி இன்றும் துறைமுகங்களில் அவர்களைச் சந்திக்கிறது. ஜூலைத் திங்களின் இரண்டாம் ஞாயிறு அவர்களுக்காகச் செபிக்கும் நாள்.

மடல் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் எண்ணிய பின் வரும் தொகை, கடன் வாங்காமல் கைக்கு எட்டுவதானால் மகிழ்ச்சியோடு சென்று வாருங்கள். எட்டாவிட்டால் நாணம் வேண்டாம். பெற்றோரைப் பேரப்பிள்ளைகள் புடைசூழ வேளாங்கண்ணிக்கு அழைத்துச் சென்று, கடற்கரையில் ஒரு மாலை அவர்களோடு அமர்ந்திருங்கள். எதற்கும் முன்பாக, வரும் ஞாயிறன்று திருப்பலி முடிந்து வந்தவுடன் அம்மாவின் கடவுச்சீட்டையும் அப்பாவின் கடவுச்சீட்டையும் பெட்டியிலிருந்து எடுத்து, காலாவதியாகும் நாளைப் பாருங்கள். உங்கள் வீட்டு நிழற்படத்தில் அவ்விருவரும் நடுவில் இருக்க வேண்டும். கடலின் விண்மீனாகிய அன்னை மரியாள் உங்கள் பிரயாணத்தைக் காத்தருள்வாராக!