பெட்டியைத் திறந்துவிடுங்கள்

பழைய பிளாஸ்டிக் விமான மாதிரிகளைச் சேகரிப்பவர்களிடையே ஒரு கெட்டியான நம்பிக்கை உண்டு. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் கடைக்கு வந்த ஒரு கிட்டுக்கு (ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டிக்கு), பெட்டி பிரிக்காமல் பாகங்களில் கத்தி படாமல் இருக்கும்வரைதான் மதிப்பு. ஒட்டிவிட்டால் விலை சரிந்துவிடும். ஏலச் சந்தையில் அது உண்மைதான். ஆனால் அது அந்த மாதிரிக்கே இழைக்கப்படும் அநியாயம். ஒரு சிறுவன் மேசையில் பரப்பி, ஒட்டி, வண்ணம் பூசுவதற்காகச் செய்த பொருள் பரணில் கிடந்து கைமாறும் முதலீடாகிவிட்டது.

பெட்டிக்குள் இருந்தால் பத்திரமாக இருக்கும் என்பதும் முழு உண்மை இல்லை. 1936இல் பிரிட்டனின் ‘ஃப்ராக்’ நிறுவனம், உலகின் முதல் பிளாஸ்டிக் விமான கிட்டுகளை ‘பெங்குவின்’ என்ற பெயரில் வெளியிட்டது. ரப்பர் முறுக்கில் பறக்கும் மாதிரிகளை விற்றுவந்த நிறுவனம் அது. பறக்காத மாதிரிகளுக்குப் பறக்காத பறவையின் பெயர். நிஜ விமானத்தில் 72இல் ஒரு பங்கு, அதாவது ஆறடிக்கு ஓரங்குலம் என்ற அளவு அந்த வரிசையில் பிடித்துக்கொண்டு, இன்றும் உலகெங்கும் நடப்பில் இருக்கிறது. ஆனால் பெங்குவின்கள் செல்லுலோஸ் அசிடேட்டில் வார்க்கப்பட்டவை. அது காலப்போக்கில் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். யாருடைய கையும் படாத பெட்டிக்குள்ளேயே இறக்கை கோணியிருக்கும்.

பின்னால் வந்த பாலிஸ்டைரீன் உறுதியானது. அதோடு கூட வந்தவை அப்படியல்ல. நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாள் மஞ்சளடிக்கும், நொறுங்கும். சில கிட்டுகளில் வைத்த மென்மையான வினைல் டயர், தான் தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனையே மெல்ல இளக்கிவிடும்.

இந்தக் கிட்டுகள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால், இவற்றைப் பூட்டிவைப்பது எவ்வளவு பொருந்தாதது என்று புரியும். ஹங்கேரியில் பிறந்த நிக்கோலஸ் கோவ் 1939இல் லண்டனில் ‘ஏர்ஃபிக்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கியது காற்றடைத்த ரப்பர் பொம்மைகள் செய்ய. போர் முடிந்ததும் பிளாஸ்டிக் சீப்பு செய்தார். 1949இல் ஃபெர்குசன் டிராக்டர் நிறுவனம், தன் விற்பனையாளர்கள் கையில் கொடுக்க ஒரு குட்டி டிராக்டர் கேட்டது. அதை ஒட்டிச் சேர்ப்பது செலவு பிடிக்கவே, பாகங்களாகவே விற்கும் யோசனை வந்தது. 1952இல் உல்வொர்த்ஸ் கடைகளுக்காக ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலை பாலித்தீன் பையில் போட்டு இரண்டு ஷில்லிங்குக்கு விற்றார்கள். சில ஆண்டுகளுக்குள் ஸ்பிட்ஃபயர் போர் விமானமும் அதேபோல் பையில் வந்தது. சிறுவர்களின் கைச்செலவுக் காசுக்குள் அடங்க வேண்டும் என்பதே அன்றைய கணக்கு.

அந்தக் கால அச்சுகளைக் கணினி வடிவமைக்கவில்லை. கைவினைஞர் ஒருவர் பெரிய அளவில் மரத்தில் செதுக்குவார். பான்டோகிராஃப் என்னும் கருவி அதன் மேடுபள்ளத்தைத் தடவித் தடவி, சிறிதாக்கி, எஃகில் குடையும். பழைய கிட்டுகளின் இறக்கையில் கடுகு தூவியதுபோல் எழும்பி நிற்கும் ரிவெட்டுகள் அந்தக் கையின் தடயம். நிஜ விமானத்தோடு ஒப்பிட்டால் அவை மிகப் பெரியவைதான். அதனாலேயே பலர் உப்புத்தாளால் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு, இன்றைய பாணியில் பள்ளக்கோடு கீறுகிறார்கள். அது வேண்டாம். துல்லியமான ஸ்பிட்ஃபயர் வேண்டுமென்றால் புதிய கிட்டுகள் எத்தனையோ கிடைக்கின்றன. பழையதைச் செய்பவர் பழையதையே செய்யட்டும்.

தவறுகூட வரலாறாகும் என்பதற்கு ‘டெஸ்டர்ஸ்’ நிறுவனத்தின் எஃப்-19 கிட் சாட்சி. அமெரிக்கா ரேடாருக்குத் தெரியாத விமானம் ஒன்றை ரகசியமாக வைத்திருக்கிறது என்ற பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு, 1986இல் அந்த நிறுவனம் ஊகத்திலேயே ஒரு மாதிரியை வெளியிட்டது. பரபரப்பாக விற்றது. 1988 நவம்பரில் அரசு எஃப்-117இன் படத்தை வெளியிட்டபோது, வழவழப்பான வளைவுகள் கொண்ட மாதிரிக்கும், பட்டை தீட்டியதுபோல் தட்டையான முகங்கள் கொண்ட நிஜத்துக்கும் சம்பந்தமே இல்லை. இன்று அந்தக் கிட்டைச் செய்பவர், பனிப்போர்க் காலத்தின் கற்பனையையே தன் மேசையில் ஒட்டிச் சேர்க்கிறார். அதில் எதைத் திருத்துவது?

செய்வதற்குப் பொறுமை வேண்டும். தேய்ந்த அச்சின் இடுக்கில் கசிந்த பிளாஸ்டிக், பாகங்களின் ஓரத்தில் பிசிறாக நிற்கும். அதைக் கத்தி முனையால் சீவ வேண்டும். அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு நீரில் கழுவினால்தான் போகும்; இல்லாவிட்டால் வண்ணம் பிடிக்காது. உடற்பகுதியின் இரு பாதிகளும் சரியாகப் பொருந்துமென்று எதிர்பார்க்கக் கூடாது. இடைவெளியில் பட்டி வைத்து, காயவிட்டு, ஈரம் தொட்ட உப்புத்தாளால் தேய்த்தால் கோடு மறையும். இதற்கான பசை, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து இரண்டையும் ஒன்றாக உருக்கிவிடுவது. அதன் ஆவி நல்லதல்ல, சன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்ய வேண்டும். மூக்குக்கடியில் சக்கரம் உள்ள விமானமென்றால், உடலை மூடுமுன் மூக்கில் தூண்டில் ஈயக்குண்டு சிலவற்றை ஒட்டிவிட வேண்டும். மறந்தால் வால் தரையில் உட்கார்ந்துவிடும்.

மஞ்சளடித்த டெக்காலுக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. தாளை வெயில் படும் சன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்தால் மஞ்சள் வெளுக்கும். நொறுங்குமென்று பட்டால், நீரில் போடுமுன் நிறமற்ற வார்னிஷை மெல்லிய படலமாகப் பூசிவிட்டால் தாங்கும். கடைசியில் கிடைப்பது பதினைந்தரை சென்டிமீட்டர் இறக்கையகலம் கொண்ட ஒரு ஸ்பிட்ஃபயர். அதை ஒட்டியவருக்கு அந்த இறக்கையின் வளைவு எங்கே தொடங்கி எங்கே மெலிகிறது என்பது விரல்நுனியில் இருக்கும். படம் பார்த்து அந்த அறிவு வராது.

அரிய கிட்டை ஒட்டினால் ஒன்று அழிந்துபோகுமே என்ற கவலை நியாயமானது. பெங்குவின் போன்றவை அருங்காட்சியகத்துக்கு உரியவை. அவற்றைத் தொட வேண்டாம். ஆனால் பெரும்பாலான கிட்டுகளின் அச்சுகள் வியக்கத்தக்க ஆயுள் கொண்டவை. 1970களின் நடுவில் ஃப்ராக் மூடப்பட்டபோது, அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போனது; அவற்றில் வார்த்த கிட்டுகள் ‘நோவோ’ என்ற பெயரில் வந்தன. ஜெர்மனி, ஜப்பான் தரப்பு விமானங்களின் அச்சுகள் அங்கே போகவில்லை. அவற்றை ‘ரெவெல்’ நிறுவனம் எடுத்துக்கொண்டது. சோவியத் யூனியன் கலைந்த பிறகும் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பல பெயர்களில் அந்த எஃகு உழைத்தது. வல்ட்டீ வெஞ்சன்ஸ் என்ற குண்டுவீச்சு விமானம் அப்படிப் பயணித்த ஒன்று. 1944இல் பர்மா முனையில் இந்திய விமானப்படையின் 7ஆம், 8ஆம் படைப்பிரிவுகள் ஓட்டியது அதைத்தான்.

ஏர்ஃபிக்ஸும் தன் பழைய அச்சுகளிலிருந்து ‘விண்டேஜ் கிளாசிக்ஸ்’ என்ற வரிசையை வெளியிடுகிறது. 1964 முதல் பத்தாண்டுகள் அந்த நிறுவனத்துக்குப் பெட்டிப்படம் வரைந்த ராய் கிராஸின் ஓவியங்களும் அவற்றில் மீண்டும் வருகின்றன. இடையில் ஒரு காலத்தில் அந்த ஓவியங்களிலிருந்து குண்டுகளையும் தீப்பிழம்புகளையும் அழித்துவிட்டு அச்சிட்டார்கள். ஆகவே முதல் பதிப்பின் பெட்டியைக் காப்பாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது.

சேகரிப்பவர்கள் செய்யக்கூடியது இதுதான். பெட்டிப்படம், செய்முறைத் தாள், டெக்கால் மூன்றையும் நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து மற்றவர்களுக்கும் கிடைக்கச் செய்யலாம். பெட்டியைத் தட்டையாக மடித்துப் பாதுகாக்கலாம். ஒரே கிட் இரண்டு இருந்தால் ஒன்றை, செய்ய ஆசைப்படும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். மற்றதை இந்த ஞாயிற்றுக்கிழமையே கழுவிக் காயவைக்கலாம்.