இயந்திரத்துக்கு முன் குழாய்

வீட்டில் சிறிய மரவேலைப் பட்டறை அமைக்கும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அறுவை இயந்திரத்தின் விலையைக் கேட்டால் உடனே சொல்வார்கள். தூசி எந்த வழியாகப் போகும் என்று கேட்டால், "பெருக்கிவிடலாம்" என்பார்கள்.

துடைப்பத்தில் சிக்கும் தூள் எனக்குப் பெரிய கவலையில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் நுண்தூசிதான் நுரையீரலின் ஆழத்துக்குப் போகிறது. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. மாடி வரிசை வீட்டில் அதைச் சுவாசிப்பது நாம் மட்டுமா? பக்கத்து அறையில் படிக்கும் தம்பியும்தான்.

ஆகவே இயந்திரம் வாங்குமுன் குழாய் வழியை வரைந்து பாருங்கள். 6 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு 4 அங்குலக் குழாயைப்போல் 2.25 மடங்கு, பள்ளியில் படித்த வட்டக் கணக்குதான். அதற்காகச் சிறிய விசிறிக்குப் பெரிய குழாய் மாட்டினால் காற்றின் வேகம் குறைந்து, மரச்சீவல் வழியிலேயே படிந்துவிடும். வினாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகம் வேண்டும். 90 பாகைத் திருப்பத்துக்குப் பதில் இரண்டு 45 பாகைத் திருப்பங்கள் நல்லது. உள்ளே வரிவரியாக இருக்கும் வளையும் குழாய் காற்றைத் தடுக்கும். இயந்திரத்தோடு இணைக்கும் கடைசித் துண்டுக்கு மட்டும் போதும். பயன்படுத்தாத கிளைகளை அடைக்கக் கதவு வையுங்கள்.

முகக்கவசம் போதாதா என்கிறார்கள் சிலர். வேலை முடிந்து அதைக் கழற்றிய பிறகும் நுண்தூசி பல மணி நேரம் காற்றில் இருக்கும். தம்பியிடம் முகக்கவசம் இல்லை.